எலும்பு எங்கே, சாவி யாரிடம், நாள் எது? இத்தாலியின் நான்கு ஆயர் கல்லறைகள், ஒரு மதிப்பீடு

இத்தாலிக்குப் போகும் தமிழ்த் திருப்பயணிகள் ரோமையும் பதுவையையும் விடுவதில்லை. கோடி அற்புதர் அந்தோனியாரைப் பார்க்காமல் திரும்ப யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் அந்தோனியாருக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகள் முன்னே வாழ்ந்த ஆயர்கள் (பிஷப்புகள்) சிலர் அதே நாட்டில் இன்னும் ஊர்க்காவலர்களாக இருக்கிறார்கள். மிலானுக்கு அம்புரோஸ், வெரோனாவுக்கு சேனோ, நேப்பிள்ஸுக்கு ஜனுவாரியுஸ், பாரிக்கு நிக்கோலஸ். இந்த நால்வரின் கல்லறைகளும் திருப்பயணிக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கின்றன, எங்கே ஏமாற்றம் காத்திருக்கிறது என்பதே இங்கே பேச்சு.

புறப்படும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. நால்வரில் இருவர் அந்தந்த ஊருக்கு ஆயராக இருந்தவர்களே இல்லை. ஜனுவாரியுஸ் பெனவென்தோவின் ஆயர். நிக்கோலஸ் இன்றைய துருக்கியில் இருக்கும் மீராவின் ஆயர்; பாரியில் அவர் கால் வைத்ததாக வரலாறு இல்லை. பதவி வகித்த ஊர் ஒன்று, உரிமை கொண்டாடும் ஊர் வேறொன்று. எலும்பு யாரிடம் இருக்கிறதோ அவருக்கே புனிதர் சொந்தம் என்பதுதான் அன்றிலிருந்து நடைமுறை. அதனால் இந்தக் கோவில்களில் கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் கிடைக்கும். எலும்பு எங்கே, அதன் சாவி யாரிடம், எந்த நாளில் அது வெளியே வரும் என்ற மூன்றையும் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

மிலான்: சான்ட் அம்ப்ரோஜோ

நான்கிலும் தரிசனம் மிகச் சுலபமானது இதுதான். மெட்ரோவின் பச்சைத் தடத்தில் கோவிலின் பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. கோவிலுக்குள் போகக் கட்டணம் கிடையாது. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால், காலைக் கடைசியில் அவசரமாக நுழைவதைவிட பிற்பகல் திறந்ததும் போவது மேல்.

முதன்மைப் பீடத்தின் அருகே உள்ள படிகளில் இறங்கினால் நிலவறை. கம்பித் தடுப்புக்கு அப்பால், வெள்ளியும் படிகமுமாகச் செய்த பேழைக்குள் மூன்று எலும்புக்கூடுகள் படுத்திருக்கின்றன. நடுவில் இருப்பவர் அம்புரோஸ். மண்டையோட்டின் மேல் ஆயர் முடி, உடலில் முழுத் திருவழிபாட்டு உடை. இரு பக்கமும் கெர்வாசியுஸ், புரோத்தாசியுஸ் என்ற மறைசாட்சிகள், அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்கள். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அது மெழுகுச் சிலை இல்லை, எலும்பேதான்.

இந்த மூவர் ஒன்றாகப் படுத்திருப்பதற்குக் காரணம் தெரிந்தால்தான் அந்தக் காட்சிக்குப் பொருள் வரும். 374-இல் அம்புரோஸ் அந்த மாநிலத்தின் ஆளுநர், திருமுழுக்குக்கூடப் பெறாதவர். ஆயர் தேர்தலில் எழுந்த கலவரத்தை அடக்கப் போன இடத்தில் மக்கள் அவரையே ஆயராக்கிவிட்டார்கள். 386-இல், இயேசுவின் இறைத்தன்மையை முழுதாக ஏற்காத ஆரியுஸ் என்பவரின் கொள்கைச் சபையை ஆதரித்த பேரரசரின் தாய் யுஸ்தினாவோடு கடும் மோதல். மிலானிலிருந்த ஆலயம் ஒன்றைத் தங்களுக்குக் கொடு என்று அரசவை கேட்ட நேரம் அது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில்தான் அம்புரோஸ் தோண்டச் சொன்ன இடத்தில் இந்த இரு மறைசாட்சிகளின் உடல்கள் கிடைத்தன. பார்வையற்ற ஒருவர் பார்வை பெற்றார் என்று ஊரே திரண்டது. அப்போது மிலானில் இருந்த அகுஸ்தினும் இதை எழுதியிருக்கிறார். தனக்கென்று பீடத்துக்கு அடியில் ஒதுக்கியிருந்த இடத்தில் வலப்பக்கத்தை மறைசாட்சிகளுக்கு அம்புரோஸ் விட்டுக்கொடுத்தார். 397-இல் அவர் இறந்ததும் அவர்களுக்கு அருகிலேயே அடக்கம். மறைசாட்சியாக இறக்காத ஓர் ஆயரும் மறைசாட்சிக்குச் சமமாக வணங்கப்படலாம் என்ற வழக்கம் வேர்பிடித்த இடங்களில் இந்த நிலவறையும் ஒன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் மூவரையும் ஒரே பேழைக்குள் வைத்து மூடினார்கள். அது 1864-இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது, 1871-இல் திறந்தார்கள். இன்றைய வெள்ளிப் பேழை 1897-இல் வந்தது.

மேலே ஏறியதும் பொன் பீடம். ஒன்பதாம் நூற்றாண்டில் வுவோல்வினுஸ் என்ற பொற்கொல்லர் செய்தது. எல்லாரும் முன்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். முன்பக்கத்தில் இயேசுவின் வாழ்க்கை, அது பொன். அம்புரோஸின் வாழ்க்கை இருப்பது பின்பக்கத்தில், பொன்முலாம் பூசிய வெள்ளியில், பன்னிரண்டு காட்சிகளாக. தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் வாயில் தேனீக்கள் மொய்ப்பதில் தொடங்குகிறது. நடுவே இருக்கும் இரண்டு சின்னக் கதவுகளைத் திறந்தால் உள்ளே கல்லறை இருக்கும் இடம் தெரியும் விதமாகச் செய்திருந்தார்கள். அந்தக் கதவின் ஒரு வட்டத்துக்குள் பொற்கொல்லரே குனிந்து நிற்க, அம்புரோஸ் அவருக்கு முடி சூட்டுகிறார். பீடத்தைச் செய்வித்த பேராயருக்குக் கிடைத்த அதே மரியாதை, பக்கத்து வட்டத்திலேயே, ஒரு கைவினைஞருக்கு. பீடத்துக்குப் பின்னே வழி மறித்திருந்தால் பணியாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: ஆலயத்தோடு ஒட்டிய சான் வித்தோரே சிற்றாலயம். கட்டணம் சொற்பம், பலரும் இதைத் தவிர்த்துவிடுவதுதான் பெரிய இழப்பு. ஐந்தாம் நூற்றாண்டு மொசைக்கில், அம்புரோஸ் இறந்து நூறாண்டுகூட ஆகாத காலத்தில் பதித்த உருவம் அங்கே இருக்கிறது. ஒட்ட வெட்டிய முடி, குறுந்தாடி, சாதாரண மேலங்கி. ஒளிவட்டம் இல்லை, ஆயர் முடி இல்லை, கையில் செங்கோல் இல்லை. புனிதராக மாறிக்கொண்டிருந்த ஒரு மனிதரின் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் வேறெங்கும் பார்ப்பது அரிது.

இங்கே தப்பு நேர்வது நாட்களில். அம்புரோஸ் இறந்தது ஏப்ரல் 4. அது தவக்காலத்திலோ பாஸ்கா எனும் ஈஸ்டரிலோ சிக்கிக்கொள்ளும் என்பதால், அவர் ஆயராகத் திருப்பொழிவு பெற்ற டிசம்பர் 7-ஐத் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். மிலானுக்கு மட்டும் அன்று விடுமுறை. மறுநாள் அமல அன்னை விழா, நாடு முழுக்க விடுமுறை. இரண்டும் சேர்ந்து வருவதால் தங்குமிடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதையொட்டி நடக்கும் ‘ஓ பேய் ஓ பேய்’ சந்தையைத் தேடிக் கோவில் வாசலுக்கு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பல ஆண்டுகளாக ஸ்ஃபோர்ஸா கோட்டைப் பக்கம்தான் நடக்கிறது.

இன்னொரு சிக்கல் திருப்பலி. மிலானில் நடப்பது ரோமை வழிபாட்டு முறை இல்லை, அம்புரோசிய முறை. திருநீற்றுப் புதன் கிடையாது. அதற்கடுத்த ஞாயிறன்றுதான் தவக்காலம் தொடங்கும். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் திருப்பலியே இல்லை. ‘வெள்ளிக்கிழமை ஆயிற்றே, அம்புரோஸ் கல்லறையில் ஒரு பூசை காணலாம்’ என்று நம்மவர்கள் போட்ட திட்டம் அங்கேதான் உடைகிறது. சமாதான வாழ்த்து காணிக்கைக்கு முன்பே வந்துவிடுவதால், முதல் முறை போகிறவர்கள் கொஞ்சம் தடுமாறுவார்கள். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

வெரோனா: சான் சேனோ

இங்கே அரை நாள் போதும். நுழைவுக் கட்டணம் உண்டு. நகரின் மற்ற பெரிய கோவில்களையும் பார்ப்பதானால் கூட்டுச் சீட்டு வாங்குவது லாபம். நான்காம் நூற்றாண்டு ஆயரான சேனோ ஆப்பிரிக்கர் என்பது மரபு. நிலவறையில் கண்ணாடிப் பேழைக்குள் முகத்தில் வெள்ளிக் கவசத்தோடு கிடக்கிறார். ஆனால் ஊர்க்காரர்கள் ‘எங்கள் சேனோ’ என்று காட்டுவது மேலே இருக்கும் வண்ணச் சிலையை. கறுத்த முகம், வாய் நிறையச் சிரிப்பு, செங்கோலில் தொங்கும் ஒரு மீன். அதிஜே ஆற்றில் தூண்டில் போட்டு உண்டவர் என்பது கதை. நம் கோவில் வழக்கில் சொன்னால் மூலவர் கீழே, மனத்துக்கு நெருக்கமான உற்சவர் மேலே. உற்சவரைப் பார்க்காமல் வெண்கலக் கதவின் 48 பலகைகளையும் மான்தேஞ்ஞாவின் பீட ஓவியத்தையும் மட்டும் பார்த்துத் திரும்பினால் ஊரைப் பார்க்கவில்லை என்றுதான் கணக்கு. அந்த ஓவியத்தின் அடிப்பலகைகள் மூன்றும் நகல்கள். அசல்களை நெப்போலியன் காலத்தில் பிரான்சுக்குக் கொண்டுபோனது போனதுதான். வெரோனாவில் சேனோவின் விழா மே 21. பொது நாட்காட்டியைப் பார்த்து ஏப்ரல் 12-இல் போனால் ஆரவாரம் எதுவும் இருக்காது.

நேப்பிள்ஸ்: சான் ஜென்னாரோ

நான்கிலும் அதிகம் தயாராகிப் போக வேண்டியது இது. தயாராகாமல் போகிறவர்கள்தான் அதிகம் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். ‘இரத்தத்தைக் காட்டவே இல்லை’ என்பது வழக்கமான புலம்பல். சாதாரண நாளில் அது பூட்டித்தான் இருக்கும்.

முதலில் ஆளைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஜனுவாரியுஸ் பெனவென்தோவின் ஆயர். ரோமைப் பேரரசர் தியோக்கிளேசியன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய கலாபனையில், சுமார் 305-இல் தலை வெட்டப்பட்டார். பேராலயத்துக்குள் அவர் மூன்று துண்டாக, மூன்று இடங்களில் இருக்கிறார். மண்டையோட்டுத் துண்டுகள் 1305-இல் ஆஞ்சு வம்சத்து மன்னர் இரண்டாம் சார்லஸ் செய்வித்த மார்பளவுச் சிலைக்குள். இரத்தம் இரண்டு கண்ணாடிச் சிமிழ்களில், பக்கத்துச் சிற்றாலயப் பீடத்துக்குப் பின்னே உள்ள பெட்டகத்தில். எலும்புகள் முதன்மைப் பீடத்துக்கு அடியில், ‘சுக்கோர்ப்போ’ எனும் நிலவறையில். 831-இல் பெனவென்தோ ஆட்சியாளர் சீக்கோ உடலைக் கொண்டுபோய்விட்டார். தலை மட்டும் நேப்பிள்ஸில் தங்கிவிட்டது. எலும்புகள் மொந்தேவெர்ஜினே துறவுமடம் வழியாகச் சுற்றி, 1497-இல்தான் திரும்பின. பெரும்பாலானவர்கள் சிற்றாலயத்தோடு நின்றுவிடுகிறார்கள். கீழே இறங்கினால் பளிங்கு மண்டபத்தில் நீங்களும் அவரும் மட்டும் இருக்கும் நேரங்கள் உண்டு.

அடுத்து, சாவி. இந்தச் சிற்றாலயம் பேராலயத்தோடு ஒட்டியிருந்தாலும் பேராயருக்குச் சொந்தமில்லை, நகரத்துக்குச் சொந்தம். 1527 ஜனவரி 13-ஆம் நாள், கொள்ளைநோய், போர், வெசூவியஸ் எரிமலை என்று நொந்துபோயிருந்த நகரத்தார், இறந்து பன்னிரண்டு நூற்றாண்டுகளான புனிதரோடு நோட்டரி முன்னிலையில் ஒப்பந்தம் எழுதினார்கள்: நீ காப்பாற்று, நாங்கள் உனக்குப் புதிய சிற்றாலயம் கட்டுகிறோம். 1608-இல் வேலை தொடங்கி 1646-இல் நேர்ந்தளித்தார்கள். இன்றும் அதை நிர்வகிப்பது ‘தெப்புத்தாசியோனே’ என்ற பொதுமக்கள் குழு. தலைவர் நகர மேயர். பெட்டகத்துக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி குழுவிடம், மற்றொன்று பேராயர் தரப்பில். ஒருவரை விட்டு ஒருவர் திறக்க முடியாது.

உறைந்த இரத்தம் இளகுவதைக் காண அதை வெளியே எடுக்கும் நாட்கள் மூன்று. மே முதல் ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை, செப்டம்பர் 19, டிசம்பர் 16. மே மாதத்தில் சிலையும் சிமிழும் பேராலயத்திலிருந்து சான்தா கியாரா கோவிலுக்குப் பவனியாகப் போகும். தெருவில் நின்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதுவே உகந்தது. செப்டம்பர் 19 அவர் இறந்த நாள், கூட்டம் உச்சம். டிசம்பர் 16, 1631-இல் வெசூவியஸ் வெடித்தபோது ஊர் தப்பியதன் நினைவு, கூட்டம் குறைவு. ஆனால் டிசம்பரில் இரத்தம் இளகாமல் போவதும் நடக்கும்: 2016-இலும் 2020-இலும் இளகவில்லை.

செப்டம்பரில் நடப்பது இப்படி. காலையில் பெட்டகத்தைத் திறப்பார்கள். கைப்பிடி வைத்த வட்டமான கண்ணாடிக் கூட்டுக்குள் இரண்டு சிமிழ்கள். சின்னதில் வெறும் கறைதான். பெரியதில் பாதிக்கு மேல் கருஞ்சிவப்பாக உறைந்த பொருள். அதை ஏந்தியிருப்பவர் மெதுவாகத் தலைகீழாகச் சாய்ப்பார். கட்டி அசையாமல் நின்றால் செபம் தொடரும். சரிந்து வழிந்தால் குழு உறுப்பினர் ஒருவர் வெள்ளைக் கைக்குட்டையை வீசுவார், கைத்தட்டல் வெடிக்கும். இதற்கு நேரக் கணக்கு கிடையாது. சில நிமிடங்களும் ஆகலாம், மணிக்கணக்கும் ஆகலாம். பெட்டகத்தைத் திறக்கும்போதே இளகியிருந்ததும் உண்டு. திருப்பலி நேரத்துக்கு வந்தால் போதும் என்று தாமதிப்பவர்கள் அந்த நொடியைத் தவறவிடுவது அப்படித்தான். முன்வரிசையில் ‘புனிதரின் உறவினர்கள்’ என்று பெயர் பெற்ற மூதாட்டிகள் அமர்ந்திருப்பார்கள். தாமதமானால் அவரை ‘மஞ்சள் மூஞ்சிக்காரா’ என்று கடிந்துகொள்வது அவர்களின் பரம்பரை உரிமை; பொன்முலாம் பூசிய சிலை அல்லவா. அதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். உறவுக்காரர்களைத்தான் இப்படித் திட்ட முடியும்.

இரத்தம் இளகுவதற்கு எழுத்துச் சான்று 1389-இலிருந்து கிடைக்கிறது. திருச்சபை இதை வியத்தகு நிகழ்வு என்கிறது; அதிகாரபூர்வமான அற்புதம் என்று அறிவிக்கவில்லை. அசைத்தால் இளகி, நிறுத்தினால் உறையும் கூழ் ஒன்றை இடைக்காலத்தில் கிடைத்த பொருட்களைக் கொண்டே செய்யலாம் என்று 1991-இல் இத்தாலிய வேதியியலாளர்கள் செய்து காட்டினார்கள். சிமிழை உடைத்துச் சோதிக்க யாரும் அனுமதிக்கவில்லை. ஊரில் இதை வைத்து விவாதம் செய்யப் போனால் நேரம்தான் வீண்.

செப்டம்பர் 19-இல் நெரிசல் தாங்காது என்கிறவர்களுக்கு ஒரு வழி: அதற்கடுத்த எட்டு நாளும் சிமிழ் வெளியே இருக்கும், வரிசையில் போய் முத்தமிடலாம். வயதானவர்களோடு போகிறவர்கள் இந்த வாரத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது.

பக்கத்துப் பொக்கிஷ அருங்காட்சியகத்துக்குத் தனிச் சீட்டு. ‘இரத்தம் அங்கே இருக்கும்’ என்று வாங்காதீர்கள், இருக்காது. இருப்பது 1713-இல் சிலைக்காகச் செய்த ஆயர் முடி: 3,328 வைரம், 198 மரகதம், 168 மாணிக்கம், ஆக 3,694 கற்கள். நகைக்கண் உள்ளவர்களுக்குக் கொடுத்த காசு செரிக்கும். மற்றவர்கள் அந்தப் பணத்தை சானிதாப் பகுதிக் கல்லறைச் சுரங்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதே நம் யோசனை. ஜனுவாரியுஸை முதலில் கொண்டுவந்து வைத்த இடம் அது. அவருடைய மிகப் பழைய உருவமும், ஐந்தாம் நூற்றாண்டுச் சுவரோவியம், அங்கேதான் இருக்கிறது. நேப்பிள்ஸ் ஆயர்களை வரிசையாக அடக்கம் செய்த அறையும் உண்டு. கார்த்தேஜிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஆயர் குவோத்வுல்தேயுஸின் மாநிறமான மொசைக் முகம் அதிலிருந்து உங்களையே பார்க்கும். வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி. நேரம் குறித்த சீட்டு. நுழைவு மேலே கபோதிமோன்தே சாலையில், அன்னை மரியா பேராலயத்தை ஒட்டி. வரைபடத்தை நம்பிக் கீழே சானிதாத் தெருக்களுக்குள் போய்விட்டால் ஏறி வருவதற்குள் உங்கள் குழு உள்ளே போயிருக்கும்.

பாரி: சான் நிக்கோலா

1071-இல் பாரி நார்மன்களிடம் விழுந்தது. தென் இத்தாலியில் பைசாந்திய ஆட்சியின் தலைநகர் என்ற மதிப்புப் போயிற்று. அதே ஆண்டு பைசாந்தியர் துருக்கியரிடம் தோற்ற மன்சிகெர்த் போருக்குப் பின் மீராப் பக்கம் செல்ஜூக் துருக்கியர் கைக்குப் போகத் தொடங்கியது. 1087-இல் பாரி மாலுமிகள் மீராவுக்குள் நுழைந்து, நிக்கோலஸின் கல்லறையை உடைத்து, எண்ணெய் போன்ற திரவத்தில் கிடந்த எலும்புகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். மே 9-ஆம் நாள் பாரி சேர்ந்தார்கள். அவசரத்தில் பெரிய எலும்புகளைத்தான் எடுத்தார்கள், நொறுங்கியவற்றை விட்டுவிட்டார்கள். சில ஆண்டுகளில் வந்த வெனிஸ்காரர்கள் மிச்சத்தைத் துடைத்து எடுத்துப் போனார்கள். ‘எங்களிடம் இருப்பதுதான் அசல்’ என்று இரு ஊரும் நூற்றாண்டுக் கணக்கில் சண்டை. 1953-இல் பாரிக் கல்லறையைத் திறந்தபோது ஆராய்ந்த உடற்கூறியல் பேராசிரியர் லூயிஜி மார்த்தீனோ, 1992-இல் வெனிஸ் எலும்புகளையும் பார்த்தார். இரண்டும் ஒரே உடலின் துண்டுகளாகப் பொருந்துகின்றன என்பது அவர் முடிவு. ஆக, இரு ஊரும் திருடியது உண்மைதான்.

நிலவறைக்குக் கட்டணமில்லை, இரு பக்கமும் படி. 26 தூண்கள், தாழ்ந்த கூரை, நடுவில் பீடம், அதன் அடியில் கல்லறை. நான்கு இடங்களில் இதுதான் அதிகம் புழங்கும் கல்லறை. கத்தோலிக்கப் பீடத்திலேயே ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் குருக்கள் வழிபாடு நடத்துவதும், முக்காடிட்ட பெண்கள் தரையில் நெற்றி பதிப்பதும் வழக்கம். அந்த நேரத்தில் கேமராவை நீட்டினால் முறைப்பார்கள். மே 22 பழைய நாட்காட்டிப்படி அவர்களுக்கு மே 9 என்பதால் அன்றும் கூட்டம் உண்டு.

மே 7 முதல் 9 வரை விழா. 7-ஆம் தேதி மாலை எலும்பு வந்த கதையை ஊர்வலமாக நடித்துக் காட்டுவார்கள். 8-ஆம் தேதி சிலை படகேறிக் கடலுக்குப் போகும். 9-ஆம் தேதி மாலை ‘மன்னா’ எடுப்பது. கோவில் அதிபரான தொமினிக்கன் குரு பீடத்துக்கு அடியில் உடலை வளைத்து, சின்னத் திறப்பு வழியாகக் கல்லறைக்குள் சேர்ந்திருக்கும் தெளிந்த நீரை எடுப்பார். ஓராண்டு முழுக்கச் சேர்ந்தும் சில குவளைகள்தான் தேறும். பார்ப்பதற்கு அது தண்ணீர். சோதனைகள் சொல்வதும் ஏறத்தாழ அதையே.

கோவில் கடையில் விற்கும் ‘மன்னா’ குப்பியை வாங்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சில குவளை, ஆயிரக்கணக்கான குப்பிகள். மந்திரித்த தண்ணீரில் கல்லறை நீரைச் சில துளிகளாகக் கலந்து நிரப்புகிறார்கள். கோவில் இதை மறைக்கவில்லை, கேட்டால் சொல்வார்கள். ஏமாற்று என்று சொல்ல இடமில்லை, ஆனால் ‘கலப்பில்லாதது’ என்று வெளியே யாராவது விற்றால் நடையைக் கட்டுங்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டுவருவதானால் நூறு மில்லிக்குள் உள்ள குப்பியை எடுங்கள். பெரியதை வாங்கிவிட்டுப் பாதுகாப்புச் சோதனையில் குப்பைத்தொட்டியில் போட்டவர்கள் நிறைய. மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, நிமிர்த்தி வையுங்கள்.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம் நடந்து பாரியின் மறைமாவட்டப் பேராலயத்துக்கும் போகலாம். அதன் நிலவறையில் புனித சபீனுஸ் இருக்கிறார். ஆறாம் நூற்றாண்டில் பக்கத்து கனோசாவின் ஆயர். நிக்கோலஸ் கப்பலேறி வரும்வரை பாரியின் காவலர் அவர்தான். அவருக்கு மன்னா இல்லை, படகு இல்லை, கடையில் குப்பி இல்லை. வரிசையும் இல்லை.